கட்டைவிரல்

பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தன் கட்டைவிரலில் வைக்கப்போன ஹாலட்டின் கையைப் பிடித்து இழுத்தாள், அவர் மனைவி ஜூடித்.

"பைத்தியமா உங்களுக்கு? சட்டசபையில பதவியேற்கப் போற நாள்ல..."

"அங்கே கையுறையைக் கழட்டி, வலது கையைத் தூக்கி சத்தியம் பண்ணணும் ஜூடி. எல்லாரும் இதைப் பார்ப்பாங்க."

இங்கிலாந்திலிருந்து வெறுங்கையோடு வந்து, வர்ஜீனியாவில் நானூறு ஏக்கர் புகையிலை பயிரிட்டவர், கம்பியை மறுபடி நெருப்பில் செருகினார்.

"பழைய சூட்டுத் தழும்புதானே?" ஜூடித்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"தழும்பு இல்ல, எழுத்து. தூக்குக்குத் தப்பின கொலைகாரனுக்கு லண்டன் கோர்ட்டுல போடற சூடு."

அவள் கை தானாக விலகியது. "யாரைக் கொன்னீங்க?"

வாசலிலிருந்து வண்டிக்காரன் குரல் கொடுத்தான். "ஹாலட் துரை, நேரமாச்சுங்க."

"கூப்பிடறானே, அந்த ஹாலட்டை."