கண்டவன் கை

அமெரிக்காவின் டுலூத் நகரில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்த லைலிடம், பக்கத்து வீட்டு நார்மா வந்து கேட்டாள்:

"எங்க வீட்டுக்காரர் வெர்ன் போனப்புறம் அவரோட படங்கதான் எனக்குத் துணை. அதையெல்லாம் ஆன்லைன் கம்பெனிகிட்ட விடவா, வீட்டுலயே சேமிக்கிற பெட்டி ஒண்ணு வாங்கிடவா?"

"பெட்டியே வாங்குங்க. கம்பெனியில எவனாவது தூங்குமூஞ்சி பட்டனைத் தட்டிடுவான். போன வாரம்கூட ஒரு குடும்பத்தோட கல்யாணப் படமெல்லாம் காலி!"

"அடப்பாவி! அவனைத் துரத்தலையா?"

"பெரிய மனசு பண்ணி விட்டுட்டாங்க."

"அப்ப பெட்டிதான். கண்டவன் கை படவேண்டாம். நீயே வந்து எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துடு, லைல்."

கோட்டுக்குள் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையை லைல் இன்னும் உள்ளே தள்ளினான். அந்தக் குளிரிலும் தூங்குமூஞ்சிக்கு வியர்த்துக் கொட்டியது.