மூத்த மருமகளுக்கு மட்டும்

"மறுபடியும் பிரஷர் பாருங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

மூத்த மருமகளின் கையில் மூன்றாவது முறையாகப் பட்டையைச் சுற்றினார் நர்ஸ். பக்கத்தில் நின்ற மாமியார் இன்னும் நெருங்கி வந்து பார்த்தார். போன தடவை இதே அறையில்தான், குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை என்று சொன்னார்கள். இந்தத் தடவை இவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார். ஒரு செக்கப்பையும் தவறவிட்டதில்லை. இவள் தும்மினால்கூட டாக்டரிடம் ஓடி வந்துவிடுவார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வீட்டிலிருந்து இளைய மருமகள்.

"இன்னும் தலைவலியா? மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும். முதல் பிள்ளையைச் சுகமா பெத்துப் போட்டவ நீ, உனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? சமையலை முடிச்சுட்டு கொஞ்ச நேரம் படு, சரியாயிடும். இங்க எனக்கு உசிரு போகுது!"

போனை வைத்தவர், "என்ன டாக்டர், ஏதாவது சொல்லுங்களேன்" என்றார்.

"பிரஷர் சரியா இருக்கு. கால்ல வீக்கமும் இல்ல. ஆனா யூரின்ல உப்பு ஏகத்துக்கு இருக்கே!" டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "காலைல வீட்ல எடுத்ததுதானேம்மா?"

"வீட்ல எடுத்ததுதான்." மூத்தவள் டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள். "இவ்வளவு உப்பு இருந்தா என்ன ஆகும் டாக்டர்? மறைக்காம சொல்லுங்க."

"கூடவே பிரஷர், தலைவலின்னு வந்துட்டா ஆபத்து. வலிப்பு வரலாம். தாய்க்கும் சரி, பிள்ளைக்கும் சரி, உசிருக்கே உத்தரவாதம் இல்ல. உடனே கவனிச்சா காப்பாத்திடலாம்."

மாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் ஏன் பேசிட்டு இருக்கீங்க? இப்பவே பெட்ல சேத்துக்கங்க!"

"வீட்ல வேலை கெடக்கே அத்தை..."

"வேலையாவது மண்ணாவது! அது கெடக்குது கழுதை. வயித்துப் பிள்ளையை விடவா சமையல் பெருசு? ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டும் டாக்டர், பிரசவம் முடியிற வரைக்கும்!"

மூத்தவள் அவர் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள். அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டது.

"அப்ப ஆம்புலன்ஸை நம்ம வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க அத்தை. நான் பாட்டில்ல கொண்டு வந்தது சின்னவளோடது."