பம்பரத் தெரு

"இந்தாங்க அக்கா, அண்ணனோட குடை." மாடி வீட்டுக்காரி குடையைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். "நேத்து பஸ் ஸ்டாப்ல மழையில மாட்டிக்கிட்டேன். பாவம், அவர் நனைஞ்சுக்கிட்டே போனார்."

தையல்காரிக்கு வயிறு எரிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் தனக்காக அந்த மனுஷன் ஒரு துளி நனைந்ததில்லை.

அளவு நாடாவை எடுத்து மாடி வீட்டுக்காரியின் இடுப்பைச் சுற்றினாள். இருபத்தாறு. தன் இடுப்பை அளப்பதை அவள் நிறுத்தி நாலு வருஷமாகிறது.

"மூச்சு முட்டுது அக்கா!"

"சட்டை பாந்தமா உட்கார வேணாமா?"

இவள் ஏதோ கம்பெனியில் செல்போன் மேப் வரைகிறாளாம். 'ஒரு நாட்டுக்குள்ள இன்னொரு நாட்டுத் துண்டு, அதுக்குள்ள மறுபடியும் முதல் நாட்டுத் துண்டு இருக்கு அண்ணே' என்று மாடிப்படியில் நின்று அளப்பாள். புருஷன் வாயைப் பிளந்து கேட்பார். வீட்டில் கேஸ் தீர்ந்துபோச்சு என்றால் கொட்டாவி விடுவார்.

போதாக்குறைக்குச் சனிக்கிழமை. சாயந்தரம் நாலு மணிக்கு அவர் கிளம்பினால், நாலேகாலுக்கு இவளும் கிளம்புவாள்.

"சனிக்கிழமையானா சிங்காரிச்சுக்கிட்டு எங்க போறீங்க?" குண்டூசியைப் பல்லில் கடித்தபடி கேட்டாள் தையல்காரி.

"ஆபீஸுக்குத்தான். அன்னிக்கு எனக்கு ராத்திரி ஷிப்ட்." மாடி வீட்டுக்காரி போனை நீட்டினாள். "போன சனிக்கிழமை மேனேஜருக்குப் பிறந்தநாள். இது அதுக்கு முந்தின சனிக்கிழமை. எல்லார் மூஞ்சியும் எப்படித் தூங்கி வழியுது பாருங்க."

படங்களில் கடிகாரம் இருந்தது, கேக் இருந்தது, இவள் இருந்தாள். புருஷன் இல்லை.

தையல்காரியின் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்கம்மா. உன்னையும் அவரையும் சேர்த்துத் தப்பா நினைச்சுட்டேன்."

"ஐயோ அக்கா! அவர் எங்க சித்தப்பா மாதிரி இருக்கார். மனசு நோகக்கூடாதுன்னுதான் அண்ணன்னு கூப்பிடுறேன்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாடா தளர்ந்தது.

"அவர் போற இடம் எனக்குத் தெரியும்மா. பழைய சிநேகிதர் ஒருத்தர் கைகால் விழுந்து படுத்திருக்கார். வாராவாரம் போய்ப் பேப்பர் படிச்சுக் காட்டிட்டு வருவார். அந்த மனுஷனுக்கு நான் தலையணை உறைகூடத் தைச்சுக் கொடுத்தேன்னா பாரேன்."

"அண்ணனுக்குத் தங்கமான மனசு."

"ஒருநாள் கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டார். டாக்ஸிக்காரர்கிட்ட கொடுத்தனுப்பினேன். அந்த ஆள் ஒரு மணி நேரம் சுத்திட்டு, தெருவே கிடைக்கலைன்னு திரும்பி வந்துட்டான். இவர்கிட்ட சொன்னா, 'அவனுக்குக் கண்ணு பொட்டையா?'ன்னு ஒரே கத்தல். நான் சும்மா விடுவேனா? மேப்ல தேடிட்டேன். தெரு இருக்கு! இதோ, நீ வரையற அதே மேப்தான்."

மாடி வீட்டுக்காரி போனை வாங்கினாள். பம்பரத் தெரு. விரலால் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த வீட்டுக்கு நீங்க போயிருக்கீங்களா அக்கா?"

"நான் எதுக்குப் போகணும்? அதான் மேப்லயே இருக்கே."

அவள் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள். "எங்க மேப்பை அப்படியே திருடிப் போடுற கம்பெனிங்க இருக்கு அக்கா. அவங்களைக் கையும் களவுமாப் பிடிக்க நாங்க ஒரு வேலை பண்ணுவோம்."

"அது கிடக்கட்டும். தெருப் பேரு அழகா இருக்குல்ல?"

"அது அந்தத் திருடங்களுக்குப் பொறியா நான் வெச்ச பேரு அக்கா. அப்படி ஒரு தெருவே ஊர்ல கிடையாது."