எட்டுப் படத்தில் ஒன்று

"இதைக் கழுவி என்ன ஆகப்போகுது தம்பி? 1942-க்குள்ள கழுவணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கு. இப்ப 57!"

காஜா பேராங் சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பொன்னுதுரை, பிலிம் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டுப் படம் எடுத்தேன் அண்ணே. ஒண்ணு வந்தாலும் போதும்," என்றான் கருணாகரன். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் வீட்டுக்காரி இந்தப் பக்கம் வந்தா இதைப் பத்தி மூச்சுவிடக் கூடாது," என்றான்.

பொன்னுதுரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சிவகாமிக்குத் தெரியக் கூடாத படமா? யாரப்பா அந்தப் பொண்ணு?"

கருணாகரன் சிரிக்கவில்லை.

"பவளம். எங்க மூத்த மக. ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தின மாசம் எடுத்தது. அப்ப ஒண்ணரை வயசு. மறு வருஷமே காய்ச்சல்ல போயிட்டா."

பொன்னுதுரையின் முகத்திலிருந்த கேலி மறைந்தது. "இத்தனை நாளா ஏன் கழுவல?"

"மூணு வருஷம் சிவகாமி யார்கிட்டயும் சரியாப் பேசல அண்ணே. அப்புறம் ரெண்டு பையன்கள் பொறந்துதான் தேறினா. இன்னிக்கு வரைக்கும் பவளம்ங்கிற பேரை அவ வாயால சொன்னதில்ல. மறந்தவ மறந்தவளாவே இருக்கட்டும். ஆனா எனக்கு… போன மாசம் கண்ணை மூடிப் பார்க்கிறேன், பிள்ளை முகம் வரமாட்டேங்குது."

பொன்னுதுரை சுருளை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்தார். "சனிக்கிழமை மெர்டேக்கா, சுதந்திர நாள். ஊர்ப்பட்ட குடும்பப் படம் குவிஞ்சு கிடக்கு. இருந்தாலும் உன்னோடதை முதல்ல பார்க்கிறேன். வியாழக்கிழமை வா."

வியாழக்கிழமை மத்தியானம் போனபோது உறையை எடுத்து நீட்டினார். "ஏழு படம் வெறும் புகை. இது ஒண்ணுதான் தப்பிச்சது. நேத்து பூரா கடை முன்னாலதான் காயப் போட்டிருந்தேன்."

படம் முழுக்கச் சாம்பல் மூட்டம், திட்டுத்திட்டாகப் புள்ளிகள். நடுவே, தகரத் தொட்டியில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள் பவளம்.

கருணாகரன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "முன்பல்லுக்கு நடுவுல இடைவெளி பாருங்க அண்ணே. அதைக்கூட மறந்துட்டேனே, பாவி!"

பொன்னுதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு வேலை பார்க்கத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சிவகாமி கேட்டாள், "எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

"கொடி வாங்கப் போனேன். கடையில தீர்ந்துபோச்சாம்."

அவள் கண்கள் சிவந்திருந்தன. அவன் கேட்காமலேயே, "வெங்காயம் உரிச்சேன்," என்றாள். காய்ந்த துணிகளை எடுக்கக் கொல்லைப்புறம் போனாள்.

இதுதான் சமயம் என்று கருணாகரன் பரண்மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினான். ஜப்பான்காரன் ஆட்சியில் அச்சடித்த, இப்போது செல்லாத நோட்டுகளைப் போட்டு வைத்த டின். வீட்டில் யாரும் தொடுவதில்லை. படத்தை ஒளிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நோட்டுக் கட்டை அடியோடு தூக்கினான்.

அங்கே ஏற்கெனவே, அதே தகரத் தொட்டியில் பவளம் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் பின்னால் பொன்னுதுரையின் ஸ்டூடியோ முத்திரை, முந்தின நாள் தேதியோடு. தன் கையிலிருந்ததை அதன்மேல் வைத்து, சிவகாமி வருவதற்குள் சத்தமில்லாமல் மூடினான்.