காய்ச்சலுக்கு ஒரு கண்ணாடி

“வெளியிலேர்ந்து பார்த்தா என் கண்ணு தெரியவே கூடாது. அதுதான் முக்கியம்” என்றான் லாக்லன்.

கடைக்காரப் பெண் பிரையனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “ஏங்க, பனியில சறுக்கப் போறீங்களா, பேங்க்ல கொள்ளையடிக்கப் போறீங்களா?”

லாக்லனுக்கு ஒரு கண் நீலம், மறு கண் பழுப்பு. வானாகா ஊர் முழுக்க அந்தக் கண்களை வைத்தே அவனைத் தெரியும். முகத்தைத் துணியால் மூடினாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் வெள்ளியாக மின்னும் ஒரு பனிக் கண்ணாடியை எடுத்து வைத்தாள். “இதைப் போட்டா உங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. ஆனா மேகம் வந்துச்சுன்னா தடவிக்கிட்டேதான் இறங்கணும். மேடு பள்ளம் ஒண்ணும் தெரியாது.”

ராத்திரி பெய்த புதுப் பனி மலையில் முழங்கால் அளவுக்குக் கிடந்தது. அதில் தடவிக்கொண்டு இறங்க லாக்லனுக்கு மனம் வரவில்லை.

“அப்போ இது. வெயில்ல தானா கறுத்துக்கும், மேகம் வந்தா தானா வெளுத்துக்கும். எந்த நேரத்துலயும் உங்களுக்குப் பளிச்சுனு தெரியும்.”

அதை மாட்டிக்கொண்டு வாசல் வெயிலில் போய் நின்று, கார்க் கண்ணாடியில் பார்த்தான். கன்னங்கரேல் என்றிருந்தது. கண் இருந்த சுவடே இல்லை. மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

காலையில்தான் மரக்கடை முதலாளி மோய்ராவுக்குப் போன் போட்டு, “காய்ச்சல்... எழுந்திரிக்கவே முடியல” என்று முனகியிருந்தான். போன மாதம் பனி விழுந்தபோதும் இதே காய்ச்சல்தான். “இன்னொரு தடவை பனியோட சேர்ந்து காய்ச்சல் வந்துச்சு, வேற வேலை பாத்துக்கோ” என்று மோய்ரா அப்போதே சொல்லிவிட்டாள்.

அந்த ஊரில் வேறு மரக்கடை கிடையாது. வீட்டிலோ கைக்குழந்தை. மலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கடையின் வாடிக்கையாளர்கள், ஒருவர் பார்த்துவிட்டாலும் போச்சு.

பக்கத்து வீட்டுக்காரனின் கோட்டும் முகத்தை மூடிய துணியும் புதுக் கண்ணாடியுமாக, மலைமேல் ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டின் வரிசையில் நின்றான். “தனியா வந்தவங்க ஒருத்தர் வாங்க!” என்று லிஃப்ட்காரர் கத்தியதும், ஒரு நாற்காலியில் தொற்றி உட்கார்ந்தான். மடிக்குக் குறுக்கே கம்பி இறங்கியது. நாற்காலி வடத்தில் தொங்கியபடி ஏறத் தொடங்கியது.

“என்ன பனி பாத்தீங்களா!” என்றது பக்கத்தில் இருந்த குரல்.

லாக்லன் திரும்பிப் பார்த்தான். மோய்ரா!

பாதி வழியில் லிஃப்ட் குலுங்கி நின்றது. காலுக்குக் கீழே இரண்டு மாடி உயரத்துக்கு வெறும் காற்று. குதிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுக்கும். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தான்.

“தொண்டை கட்டிடுச்சா? ஐயோ பாவம். நீங்க பேசாதீங்க, நான் பேசறேன்” என்றாள் மோய்ரா. “நான் மரக்கடை வெச்சிருக்கேங்க. இன்னிக்கு எங்கிட்ட வேலை பாக்குற அத்தனை பேருக்கும் காய்ச்சல். பனி விழுந்தாப் போதும், மொத்தமா படுத்துடுவானுங்க. போங்கடானு கடையைப் பூட்டிட்டு நானும் வந்துட்டேன்.”

முகட்டிலிருந்து மேகம் இறங்கி அவர்களைச் சூழ்ந்தது. வெயில் போன இடம் தெரியவில்லை. லிஃப்ட் நகர்கிற வழியாக இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி அருமையான கண்ணாடி. அந்த மந்தாரத்திலும் மோய்ராவின் கையுறைத் தையல்வரை அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இது முகத்தில் இருக்கும்வரை பயமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

“பனி விழுந்திருக்கு, லீவு வேணும்னு நேராக் கேட்டா குடுக்க மாட்டேனா? பொய் சொல்றானுங்க பாருங்க, அதுதான் வயித்தெரிச்சல். நீங்களே சொல்லுங்க, நியாயமா?”

நியாயமே இல்லை என்று லாக்லன் பலமாகத் தலையாட்டினான்.

மோய்ரா அவன் பக்கம் திரும்பினாள். தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

“நீலக் கண்ணுலயும் காய்ச்சலைக் காணோம், பழுப்புக் கண்ணுலயும் காணோமேடா, லாக்லன்!”