விரல் தூக்காதவன்

“கேக்கலீங்க சார்,” என்றான் திம்மப்பன்.

காது டெஸ்ட் எடுக்கும் முனிலட்சுமி மறுபடியும் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். திம்மப்பன் காதில் ஹெட்போனுடன், சாமி முன்னால் நிற்பவன் மாதிரி கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தான். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அவன் விரல் தூக்கவில்லை.

“இப்ப?”

“இல்லீங்க சார். ஒண்ணுமே கேக்கல.”

பர்சனல் ஆபீசர் ராமப்பனுக்கு எரிச்சல் வந்தது. “காலையிலேர்ந்து ப்ரஸ் ஷாப்பே வந்து உக்காந்துட்டுப் போச்சு. அத்தனை பேரும் விரலைத் தூக்கினாங்க. உனக்கு மட்டும் என்னய்யா கேடு?”

“அவங்களுக்குக் கேட்டிருக்கும் சார். கேக்காததைக் கேட்டுச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?”

வாசலில் நின்ற கரியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். திம்மப்பனோடு ஒரே மெஷினில் நிற்பவன் அவன். “பொழைக்கத் தெரியாத ஆளுடா நீ! ஊரோட ஒத்துப் போறதுக்கு என்ன?”

ஓசூர் சிப்காட்டில் அந்தக் கம்பெனி அப்போதுதான் புது ரூல் போட்டிருந்தது. காது மந்தமானவன், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் ப்ரஸ் மெஷினில் நிற்கக் கூடாது. எச்சரிக்கை மணி கேட்காவிட்டால் கை போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். காரணம் நியாயம்தான். ஆனால் மெஷினை விட்டு இறங்கியவனை லோடிங்கில் காண்ட்ராக்ட் கூலியாகப் போட்டார்கள். அது மட்டும் என்ன நியாயமோ!

திம்மப்பன் பாகலூர்க்காரன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் காட்டில் கூலிக்கு நின்ற குடும்பம். பர்மனென்ட் வேலை என்று அந்த வீட்டில் முதலில் பார்த்தவன் அவன்தான்.

“ரூல்னா ரூல்தான்,” என்றார் ராமப்பன். அவரும் அதே ப்ரஸ் ஷாப்பில் ஆபரேட்டராகச் சேர்ந்து, படிப்படியாக நாற்காலிக்கு வந்தவர். “நாளையிலேர்ந்து லோடிங்.”

திம்மப்பன் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேஜையில் வைத்தான்.

“எம் பொண்ணு கூப்புட்டா கேக்குது. மெஷின் மணி கேக்குது. காது எப்பப் போச்சுன்னே தெரியலீங்களே சார்,” என்றான். காது போய்விட்டதென்று அவனே நம்பிவிட்டான். முனிலட்சுமிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ராமப்பன் தன் அறைக்குப் போனார். கரியப்பனும் வேலைக்குத் திரும்பினான். திம்மப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

அவளுக்கு அவன் மேல் கோபமும் வந்தது. ஒரு விரலைத் தூக்கினால் குடியா முழுகிவிடும்? ப்ரஸ் ஷாப் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். இங்கே வந்து உட்கார்ந்தபோதும் நிறைய பேருடைய கண் அவள் கைமேல்தான் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தியதும் விரல் எழுந்தது. காலையிலேயே அவள் அதைக் கவனித்துவிட்டாள். அடுத்தவர் வயிற்றில் அடிப்பானேன் என்று வாயைத் திறக்கவில்லை.

சத்தத்தைக் கூட்டி வைத்து அவனை இன்னொரு தடவை உட்கார வைக்கலாம் என்று தோன்றியது. கூட்டுவதற்காக அந்தச் சத்தத்தின் அலையைத் திரையில் திறந்தாள்.

மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரே நேர்கோடு.

சத்தம் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்கு வெறும் எண்களின் வரிசை. ஃபைலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எண்கள் இருக்கும். புரோகிராம் அவற்றைக் கோத்து அலையாக்கும். அலைதான் ஹெட்போனில் சத்தமாகக் கேட்கும். அன்று காலை பெங்களூரிலிருந்து டெஸ்ட் சத்தங்களோடு வந்த புது ஃபிளாப்பியை அவள் அப்படியே ஏற்றியிருந்தாள். திறந்து பார்த்தாள். அதில் எல்லாமே ஒன்றுக்குக் குறைந்த எண்கள், புள்ளி மூன்று, புள்ளி ஏழு என்று. இவர்கள் புரோகிராமுக்கு முழு எண்தான் தெரியும். புள்ளிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டது. மிஞ்சியது வெறும் பூஜ்யம்.

காலையிலிருந்து அந்த ஹெட்போனில் சத்தமே இல்லை! உள்ளதைச் சொன்னவன் ஒருத்தன்தான். அவனைத்தான் செவிடன் என்று வெளியே உட்கார வைத்திருக்கிறது.

முனிலட்சுமி ராமப்பன் அறைக்கு ஓடினாள். “சார், கொஞ்சம் வாங்க. ஃபைல்ல ஏதோ தப்பாயிருக்கு.”

ராமப்பன் வந்தார். பெஞ்சிலிருந்து எழுந்த திம்மப்பனும் பின்னாலேயே வந்து நின்றான்.

“என்னம்மா தப்பு?”

சொன்னால் நம்ப மாட்டார், காதில் போட்டுப் பார்த்தால் நம்புவார் என்று நினைத்தாள். “நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க சார்.”

ராமப்பன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். திரை அவள் பக்கம் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

ராமப்பனின் விரல் எழுந்தது.

“கணீர்னு கேக்குதேம்மா. இதுல என்ன தப்பு?”

அவர் கண் இன்னும் அவள் கைமேல்தான் இருந்தது.

முனிலட்சுமி திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“இதுல சத்தமே இல்லீங்க சார். காலையிலேர்ந்தே இல்ல.”

ராமப்பன் அந்த நேர்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போனைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

“நீ... மெஷினுக்குப் போய்யா,” என்றார் திம்மப்பனிடம், அவன் முகத்தைப் பார்க்காமல். “மத்தவங்களை எல்லாம் நாளைக்கு...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

திம்மப்பன் போகவில்லை. அவர் எதிரில் வந்து, தன் உதடு அவருக்கு நன்றாகத் தெரியும்படி குனிந்து கேட்டான்:

“எத்தனை வருசமா சார்?”