வகுப்பு வலைப்பூவில் வந்த படம்

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு வலைப்பூ என்றால் ஒன்றும் புரியாது. புதிதாகச் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர் டீச்சர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

"வீட்டுல யாராவது வேலை செய்யறத ஒரு படம் எடுத்து, மூணு வரி எழுதி ஏத்தச் சொல்லுங்கக்கா. பசங்க பிச்சு உதறிடுவாங்க."

மறுநாள் படங்கள் வந்து குவிந்தன. துணி உலர்த்தும் அப்பா, சைக்கிள் துடைக்கும் மாமா. நடுவில், பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணின் முதுகு. டீச்சர் தன் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அதே நீலம். அவள் வீட்டு அடுப்படியேதான். யாரோ இடுப்பு உயரத்திலிருந்து எடுத்திருந்தார்கள்.

"இது எங்க அம்மா. பாத்திரம் தேய்க்கறாங்க. நான் கூப்பிட்டா திரும்ப மாட்டாங்க."

எழுதியவர் பெயர் இல்லை. மகள் காய்ச்சலில் போனதிலிருந்து டீச்சர் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள்.

அடுத்த நாள் காலை, பாத்திரம் தேய்க்கும்போது முதுகுக்குப் பின்னால் 'கிளிக்' என்றது. சட்டென்று திரும்பினாள். யாரும் இல்லை.

பள்ளியில் புதுப் படம் காத்திருந்தது. அதில் டீச்சர் நேராகப் பார்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா பாத்துட்டாங்க. இன்னிக்கு எங்கூட வரீங்களாம்மா?"

"யாருக்கா எடுத்தது? நீங்க இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே" என்றாள் கம்ப்யூட்டர் டீச்சர்.

"இதுக்குப் பதில் எழுதறது எப்படின்னு காட்டும்மா."

காட்டினாள். டீச்சர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, "வரேண்டா கண்ணு" என்று தட்டினாள். அடுத்து எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்காமல், அவளே அழுத்தி அனுப்பினாள்.